வழிகாட்டி இல்லாமல்

மலையேற்றம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் 'வழிகாட்டி இல்லாமல்' என்ற சொற்றொடருக்கு ஒரு தனி மவுசு உண்டு. 1855ல் ஹட்ஸனும் கென்னடியும் சில நண்பர்களுடன், கூலிக்கு அமர்த்திய வழிகாட்டிகள் யாருமின்றி மோன் பிளாங் சிகரத்தை அடைந்தார்கள். அடுத்த ஆண்டே அது புத்தகமாகிவிட்டது. 1870ல் கர்டில்ஸ்டன் என்பவர் ஆல்ப்ஸ் பற்றிய தம் புத்தகத்தின் தலைப்பிலேயே அந்தச் சொற்றொடரை ஏற்றினார். அதுவரை வெறும் தகவலாக இருந்தது அதன் பிறகு ஒரு தகுதியாகிவிட்டது. நம் கவிதைத் தொகுப்புகளின் முன்னுரைகளில் 'யாருடைய பாதிப்பும் இன்றி' என்று வருமே, அது மாதிரி. இரண்டையும் சந்தேகிக்க வேண்டும்தான். ஆனால் மலையேறியின் வாக்கியத்தைச் சந்தேகிக்கும்போது கிடைக்கிற விஷயங்கள் நம் முன்னுரைக்காரர்களைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லிவிடுகின்றன என்பதால் நான் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சொற்றொடரை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். இடம், ஸ்காட்லாந்தின் மேற்கே ஸ்கை தீவிலுள்ள கூலின் மலைமுகடு. நான் அங்கே போனதில்லை. போகாத இடங்கள் பற்றிய வாக்கியங்களைப் படித்து எது அனுபவம், எது ஜோடனை என்று பிரித்துச் சொல்வது விமர்சகனின் காரியம் என்பதால் இதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

உயரத்தைச் சொன்னால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். முகட்டின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கூர் அலஸ்டேர் 992 மீட்டர். நம் கொடைக்கானல் ஏரிக்கரை அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது. ஆனால் கூலின் கடலிலிருந்து நேராக எழும்புகிறது. எரிமலை ஒன்றின் அடிக்குழம்பு இறுகிப் பாறையாகி, பிறகு பனியாறுகள் இரண்டு பக்கமும் அரித்துத் தின்றுவிட்டுப்போன மிச்சம் அது. சுமார் 12 கிலோமீட்டர் நீளம். 3000 அடியைத் தாண்டிய 11 சிகரங்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. பல இடங்களில் முகட்டின் அகலம் ஓர் ஆள் நடக்கப் போதும் போதாததுமாக இருக்கிறது. பாறையில் பெரும்பகுதி காப்ரோ என்ற சொரசொரப்பான வகை, விரல் நுனித் தோலை உரித்துவிடும், ஆனால் பிடித்தால் நழுவாது. அதன் ஊடே பசால்ட் பாறை பட்டை பட்டையாகக் குறுக்கே ஓடுகிறது. அது வழவழப்பு. மழையில் நனைந்துவிட்டால் அதை நம்ப முடியாது. நனையாத நாட்களோ அங்கே குறைவு.

இந்த முகட்டில் செய்கிற காரியத்துக்குத் தமிழில் தனிச்சொல் இல்லை. நடையும் இல்லை, கயிறு கட்டிச் செங்குத்துச் சுவரில் ஏறுவதும் இல்லை. கையும் காலும் ஊன்றித் தொற்றித் தொற்றிப் போவது. சில இடங்களில் மட்டும் கயிறு வேண்டியிருக்கும். தேர்ந்தவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். 1911 ஜூனில் ஷாட்போல்ட், மக்லாரன் என்ற இருவர்தான் முதலில் அப்படி முடித்தவர்கள். பெரும்பாலோருக்கு இரண்டு நாட்கள் ஆகின்றன, வானிலை பார்த்து மூன்றும் ஆகலாம். இடையில் இரவு முகட்டிலேயே. தண்ணீர் மேலே அநேகமாகக் கிடையாது. சுமந்து போக வேண்டும், இல்லாவிட்டால் பாதி மலை இறங்கி எடுத்துவந்து மறுபடி ஏறவேண்டும்.

இதில் கஷ்டம் என்பது பெரும்பாலும் கைவலுவைப் பற்றியது அல்ல. வழியைப் பற்றியது. ஒரு சுவரில் ஏறுகிறவனுக்கு மேலே, கீழே என்ற இரண்டே திசைகள். முகட்டில் போகிறவன் முன்னால் ஒவ்வொரு நூறடிக்கும் இரண்டு மூன்று திட்டுகள் பிரிகின்றன. எல்லாமே நன்றாகத் தேய்ந்த பாதை மாதிரிதான் தொடங்கும். அதில் ஒன்று அடுத்த சிகரத்தின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும். இன்னொன்று ஐம்பதடி போனபின் வெறும் காற்றில் முடியும். நடு முகட்டில் பீஜன் ட்ரிம் நன் ராவ் என்று மூன்று தலையுள்ள ஒரு சிகரம் இருக்கிறது, வழி தேடுவதில் முகட்டிலேயே மிகச் சிக்கலான இடங்களில் ஒன்று. மூடுபனி இறங்கிவிட்டால் அங்கே இடது எது வலது எது என்பதே சந்தேகமாகிவிடும். திசைகாட்டியை எடுக்கலாம் என்றால் அந்தப் பாறையின் காந்தத்தன்மை ஊசியை இழுத்துவிடுகிறது. கருவியும் பொய் சொல்லும் மலை.

ஆகவே வழிகாட்டி இல்லாமல் பல நாட்கள் இந்த முகட்டில் போனேன் என்று ஒருவன் எழுதினால் அவன் சொல்வதில் விஷயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் எதை இல்லை என்கிறான்? தமிழில் வழிகாட்டி என்ற சொல் ஆளையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். ஆள் இல்லை என்பது உண்மையாயிருக்கலாம். புத்தகம் 1923லிருந்து ஸ்காட்லாந்து மலையேற்றச் சங்கத்தின் வெளியீடாகவே இருந்துவருகிறது. வரைபடம் இருக்கிறது. அதற்கும் மேலாக, பாறையே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் ஆணி அடித்த பூட்ஸுகளும் பிறகு குளிர்காலத்தில் இரும்பு முள் கட்டிய பூட்ஸுகளும் கீறிய வெள்ளைக் கோடுகள், பல்லாயிரம் கைகள் பட்டு மழமழத்துப்போன பிடிகள், முன்பு யாரோ இரவு தங்கியபோது காற்றுக்குத் தடுப்பாகக் கல்லடுக்கிய வட்டங்கள். இவை எல்லாம் இருக்கையில் 'இல்லாமல்' என்ற சொல் எந்த அளவு செல்லும் என்பதை அந்த எழுத்தாளன் தன் உரைநடையில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீர்த்துக்கொள்கிறவன் நல்ல எழுத்தாளன். மற்றவனுடையது சாகசக் கதை.

இந்தக் கணக்கை முதலில் நேர்மையாகப் பார்த்தவர் லெஸ்லி ஸ்டீஃபன், வழிகாட்டியோடு போனவர். 1871ல் வந்த அவருடைய ஆல்ப்ஸ் புத்தகத்தில், தம் ஏற்றங்களை உள்ளபடி சொல்வதானால் ஏறியது வழிகாட்டிதான், அவன் வேலையை இன்னும் கஷ்டமாக்கியவை அவன் தூக்கிவந்த மூட்டையும் அவனுடைய முதலாளியும் என்ற பொருளில் எழுதுகிறார். இதை அடக்கம் என்று பாராட்டுவது வழக்கம். எனக்கு அது இலக்கணத் திருத்தமாகப் படுகிறது. 'ஏறினோம்' என்ற வினைக்கு எழுவாய் யார் என்று கேட்டு, தன்னை எழுவாயிலிருந்து தூக்கிச் சுமையின் பக்கத்தில் போட்டுவிடுகிறார். அந்தக் காலத்து ஆல்பைன் சங்கத்துக் கனவான்கள் எழுதிக் குவித்தவற்றில் இன்றும் படிக்கத் தகுந்தவராக ஸ்டீஃபன் இருப்பதற்கு இந்த ஒரு திருத்தம் முக்கிய காரணம்.

அவருடைய மகள் வர்ஜீனியா வுல்ஃப். 1927ல் வந்த 'டு த லைட்ஹவுஸ்' நாவலின் களம் ஸ்கை தீவு என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. அந்தத் தீவில் மலை அநேகமாக இல்லை, கடல்தான். ஆனால் அப்பாவின் சாயலில் வந்த ராம்ஸே, எழுத்து வரிசையில் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து ஓர் எழுத்தில் மேலே போகமுடியாமல் நின்றுவிடும்போது, பனியில் அழியப்போகும் ஒரு பயணக்குழுவின் தலைவனாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறார். தனியாக, எல்லோருக்கும் முன்னால், நின்றபடி சாகப்போகிற தலைவன். உள்ளே மனைவி குழந்தைக்குக் கதை படித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா தம்மை முதலாளிச் சுமை என்று கேலி செய்துகொண்டார்; மகள் அந்தக் கேலிக்கு அடியில் ஒளிந்திருந்த ஆசையைப் பிடித்துவிட்டாள். மலையேற்ற எழுத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையான விமர்சனம் மலையேற்ற எழுத்துக்குள்ளிருந்து வந்ததில்லை.

வழிகாட்டி இல்லாமல் ஏறுவதைக் கொள்கையாக ஆக்கியவர்களில் எழுத்தாளராகவும் தேறியவர் மம்மரி. 1895ல் வெளிவந்த, ஆல்ப்ஸிலும் காகஸஸிலும் தாம் ஏறியவை பற்றிய புத்தகம் ஒன்றுதான் மலையேற்றம் பற்றி அவர் விட்டுப்போனது. தொடக்க காலத்தில் அலெக்ஸாண்டர் புர்கெனர் என்ற பெரிய வழிகாட்டியோடு ஏறியவர், பிறகு நண்பர்களோடு மட்டும் ஏறினார். அவருடைய வாதத்தின் சாரம் இது: வழிகாட்டி எல்லாம் முன்பே தெரிந்து வைத்திருப்பதால் பின்னால் வருகிறவனுக்கு மலையோடு எந்தப் பேச்சும் இல்லாமல் போய்விடுகிறது. இதை வீரப்பிரதாபமாகப் படிப்பவர்கள் அவருடைய உரைநடையைக் கவனிக்கவில்லை. நண்பர்களோடு போன ஏற்றங்களை எழுதும்போது வாக்கியத்தின் நடையே மாறுகிறது. தப்பாகப் போன வழி உள்ளே வருகிறது. இந்தப் பிளவு சரியாக இருக்கும் என்று நினைத்தது, இல்லை என்று திரும்பியது, வாக்குவாதம், சிரிப்பு, கைவிட்டது எல்லாம் வருகிறது. வழிகாட்டியோடு போனவர்களின் கட்டுரைகளில் தப்பு வழி இருக்காது. அது வழிகாட்டியின் தலைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது, பின்னால் வருகிறவன் விடையை மட்டும் காண்கிறான். மம்மரி கணக்கையும் போட்டுக் காட்டினார். வழிகாட்டி இல்லாமைக்கு இலக்கியத்தில் ஒரு மதிப்பு உண்டென்றால் அது இதுதான் என்று நான் நினைக்கிறேன்: தயக்கம் அச்சேறுகிறது.

ஆனால் மம்மரியின் புத்தகத்தில் ஒரு கரடுமுரடான முகடு பற்றிய சிறந்த அத்தியாயம் அவர் எழுதியது இல்லை. டாய்ஃபெல்ஸ்கிராட் என்ற முகட்டில் 1887ல் போனதை அவர் மனைவி மேரி மம்மரி எழுதியிருக்கிறார். முன்னால் போனவர் புர்கெனர்தான். வழிகாட்டியோடு போனதால் அந்த அத்தியாயம் தாழ்ந்துவிடவில்லை. பின்னால் வருகிறவளுக்கும் கண் இருக்கிறது, பயம் இருக்கிறது, முன்னால் போகிற ஆண்களின் பாவனைகளைப் பார்க்கிற வாய்ப்பும் கூடுதலாக இருக்கிறது. கணவரின் கொள்கைக்கு அவருடைய புத்தகத்துக்குள்ளேயே கிடைத்த பதில் என்று இதைச் சொல்லலாம்.

புத்தகம் வந்த அதே ஆண்டில் மம்மரி நங்கபர்வதத்துக்குப் போனார். 8126 மீட்டர். கூடப் போனவர்கள் காலி, ஹேஸ்டிங்ஸ். 1895 ஆகஸ்டில் மம்மரி ஒரு கணவாயைத் தாண்டப்போய்த் திரும்பவில்லை. அவரோடு திரும்பாதவர்கள் இரண்டு கூர்க்கா வீரர்கள், ரகோபீர் தாபா, கோமன் சிங். மம்மரியின் வழிகாட்டியற்ற கொள்கையைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த மூன்றாவது, நான்காவது சொற்களை, அதாவது இவர்கள் பெயர்களை, அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். இவர்கள் வழிகாட்டிகள் இல்லை, சரி. வழி அவர்களுக்கும் தெரியாது. அப்படியானால் அந்த 'நாங்கள்'க்குள் அவர்கள் எங்கே நின்றார்கள்? 'வழிகாட்டி இல்லாமல்' என்பது சம்பளப் பட்டியலில் ஒரு குறிப்பிட்ட இனம் காலியாக இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவே.

காலியின் விஷயம் இதை இன்னும் தெளிவாக்கும். நார்மன் காலி லண்டனில் ரசாயனப் பேராசிரியர். ஆல்ப்ஸில் மம்மரியோடு வழிகாட்டி இல்லாமல் ஏறியவர். ஸ்கை தீவுக்கு வந்தால் கூடவே இருந்தவர் ஜான் மக்கென்ஸி, ஸ்கான்ஸர் கிராமத்துச் சிறு குத்தகை விவசாயி, கூலின் முகட்டில் தொழிலாகவே வழிகாட்டிய முதல் உள்ளூர் ஆள். இருவரும் பல பத்தாண்டுகள் சேர்ந்து ஏறினார்கள். 1906ல் அந்தச் செங்குத்துச் சரிவிலிருந்து துருத்தி நிற்கும் கியோக் என்ற பாறையை முதலில் அடைந்தது இவர்கள்தான். மக்கென்ஸி 1933ல் இறந்தார், காலி 1942ல். பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 2020ல் ஸ்லிகாகனில் இருவருக்கும் சேர்த்து வெண்கலச் சிலையும் வைத்தாகிவிட்டது. இந்த நட்பை நான் பரிகசிக்கவில்லை, அது நிஜமானது. எனக்கு உறுத்துவது பெயர்கள். முகட்டின் பல சிகரங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறியவர்களின் பெயர்களைக் கேலிக் மொழியில் இட்டார்கள். கேட்டால் ஆதிகாலத்துப் பெயர்கள் மாதிரி ஒலிக்கும். ஸ்கூர் அலஸ்டேர் என்பது அலெக்ஸாண்டர் நிக்கல்ஸனின் பெயர். இன்னொன்று சார்லஸ் பில்கிங்டனின் சார்லஸ். இன்னொன்று காலியின் நார்மன். மூவருக்கும் வீட்டில் அழைக்கும் முதற்பெயர். வழிகாட்டிக்கு மட்டும் குடும்பப்பெயர், ஸ்கூர் விக் கொன்யிக், மக்கென்ஸியின் சிகரம். வேலையாளைக் குடும்பப்பெயரால் அழைப்பது அந்தக் கால ஆங்கில வழக்கம். வழக்கம் மலையுச்சி வரை ஏறிவிட்டது. யாருக்கும் இது தோன்றியிருக்காது, அதனால்தான் சொல்கிறேன்.

மக்கென்ஸி புத்தகம் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்தது முழுவதும் மற்றவர்களின் கட்டுரைகளிலும் பிறகு வழிகாட்டி நூல்களிலும் கரைந்து, இன்று வழிகாட்டி இல்லாமல் போகிறவனின் பையில் இருக்கிறது.

வழிகாட்டி நூலை இலக்கியமாக யாரும் மதிப்பதில்லை. தமிழ் வாசகனுக்கு மட்டும் அப்படி ஒதுக்கிவிட உரிமை கிடையாது. ஆற்றுப்படை என்று ஒரு வகையையே வைத்திருக்கிறோம். அதிலும் பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், 583 அடிகளும், நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு மலைவழி சொல்லுவது. நம் பண்டிதர்கள் இதில் நன்னனின் கொடையையும் மலையில் எழும் ஓசைகளின் பட்டியலையும் எடுத்துக்காட்டி நிறுத்திக்கொள்கிறார்கள். வழி சொல்லும் பகுதியை மெனக்கெட்டுப் படித்தால் திகைப்பாக இருக்கும். பன்றிகளுக்கு வைத்த பொறிகள் இருக்கின்றன, விடிந்தபின் புறப்படுங்கள். பாம்புகள் கிடக்கும் குழிகள் உண்டு. தினைக்காவலர் கவணில் எறியும் கல் வரும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். இரவானால் வீட்டுக்குள் போவதுபோல் பாறைக்குகைக்குள் போய்த் தங்குங்கள். எல்லாம் முன்னிலைப் பன்மை ஏவல். 'நாங்கள் ஏறினோம்' என்ற வாக்கியத்தில் படிக்கிறவனுக்கு இடம் கிடையாது, அவன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஏவல் வினையில் ஏறப்போகிறவன் அவன்.

இரண்டு இடங்கள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டன. ஒன்று, குறவர்களே திசை மயங்கும் குன்றில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கவி சொல்வது. மேலே போகாதீர்கள், அகலமான ஒரு பாறையில் எல்லோரும் கூடி உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், கேட்டு ஆட்கள் வருவார்கள். பீஜன் ட்ரிம் நன் ராவில் பனிமூட்டத்தில் நிற்பவனுக்குச் சொல்லக்கூடிய யோசனையும் முக்கால்வாசி இதுவேதான்: நகராதே. ஆனால் கலைஞன் வழி தொலைந்தபோது தன் கலையையே எடுத்து வாசிக்க வேண்டும் என்பது, அதுவும் கச்சேரியாக இல்லாமல் உதவிக்கான கூவலாக, கவிதையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லாத ஒரு விஷயம். மற்றொன்று, வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்பது. இடத்துக்குப் புதியவர்களான நீங்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக. ஆக வழி சொல்லப்பட்டவனே அடுத்தவனுக்கு வழி சொல்கிறவனாகிவிடுகிறான், நடந்துகொண்டிருக்கும்போதே. கூலின் பாறையின் ஆணிக்கீறல்கள் யாரும் வேண்டுமென்று இட்டவை அல்ல. புல் முடிச்சு வேண்டுமென்று இட்டது. உரைநடைகளுக்குள்ளும் இந்த வித்தியாசம் உண்டு.

1959ல் 'எழுத்து' தொடங்கியபின் வந்த புதுக்கவிதையைப் பார்த்து எழுதக் கற்றவர்கள் நாம் எல்லோரும். அந்தப் பக்கங்களின் கீறல்கள் நம் வரிகளில் அப்படியே தெரிகின்றன. வரியை எங்கே உடைப்பது, எங்கே படிமத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது என்பதெல்லாம் முன்னால் போனவர்களின் பூட்ஸ் தடம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது முன்னுரையில் 'பாதிப்பின்றி' என்று எழுதிவிட்டு, உள்ளே ஒரு தப்பு வழிகூடக் காட்டாமல், விடைகளாகவே அறுபது கவிதைகள் அடுக்குவது. மம்மரியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு விட வேண்டியதை எடுத்துக்கொண்ட மாதிரி. ஸ்தாபனத்தை எதிர்க்கிறோம் என்பவர்களிடம் இது அதிகமாக இருப்பதையும் கவனிக்கிறேன்.

கூலின் பற்றிய பெரிய கவிதை ஆங்கிலத்தில் எழுதப்படவில்லை. சொர்லி மக்லீன் 1911ல், முகடு முதன்முதலில் ஒரே நாளில் கடக்கப்பட்ட அதே ஆண்டில், ஸ்கைக்குப் பக்கத்துத் தீவான ராஸேயில் பிறந்தவர். கேலிக் தாய்மொழி. 1939ல் 'அன் கூலின்' என்று ஏழு பகுதிகளில் ஒரு நெடுங்கவிதை எழுதினார். அவருக்கு மலை சொந்த ஊர். முகட்டில் ஏறியவர்தான், அங்கே தனியாக நிற்கவும் செய்கிறார். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து கீழே தெரிவது காட்சி இல்லை. ஆடு மேய்க்கவும் மான் வேட்டையாடவும் நிலம் வேண்டுமென்று நிலப்பிரபுக்கள் ஆட்களைக் காலி செய்த பள்ளத்தாக்குகள். அந்தத் தீவின் குடியானவர்கள் 1882ல் பிரேஸில் போலீஸாரோடு மோதினார்கள். 1883ல் நேப்பியர் கமிஷன் வந்து சாட்சியம் கேட்டது. கமிஷன் உறுப்பினர்களில் ஒருவர் அலெக்ஸாண்டர் நிக்கல்ஸன், 1873ல் ஒரு மேய்ப்பரோடு ஏறித் தம் பெயரை மிக உயர்ந்த சிகரத்துக்குத் தந்தவர், கேலிக் பழமொழிகளைத் திரட்டி 1881ல் வெளியிட்டவர். மலையும் மனுவும் பழமொழியும் ஒரே ஆளின் மேசையில் இருந்திருக்கின்றன. மலையேற்றக் கட்டுரைகளில் சிகரம் மட்டும் வந்தது. மக்லீன் மற்றதையும் உள்ளே கொண்டுவருகிறார்.

கவிதையாக அது முழுமையாகத் தேறியிருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். முகட்டின் அடிவாரத்துச் சேற்றுநிலத்தை முதலாளித்துவத்தின் புதைசேறாக விரித்து, உலகத்தையே அது விழுங்குவதாகக் கொண்டுபோகும்போது படிமத்துக்கு உண்மையான கனம் இருக்கிறது, காரணம் சேறு முதலில் சேறாக இருக்கிறது. சிகரத்தின் மேல் புரட்சி நாயகர்களை வரிசையாக நிறுத்தும்போது பெயர்கள் வெறும் பெயர்களாக மிஞ்சுகின்றன. சிகரங்களின் பெயர்களை அவர் அடுக்கும்போது அப்படி ஆவதில்லை. மொழிபெயர்ப்பில் படிக்கிற எனக்கே அந்தப் பெயர்களில் கால்வைக்கும் இடமும் கைவைக்கும் இடமும் தெரிகின்றன. நான் ஷெப்பர்டின் 'த லிவிங் மவுண்டன்' இந்த இடத்தில் நினைவுக்கு வரும். 1940களில் எழுதி 1977 வரை அச்சாகாமல் கிடந்த அந்தச் சிறு புத்தகம் சிகரத்தை நோக்கிப் போவதையே விட்டுவிட்டு மலைக்குள் திரிவது. அருமையான உரைநடை. ஆனால் அது கெய்ர்ன்கார்ம்ஸ் மலைகளைப் பற்றியது, அகன்ற பீடபூமி, அங்கே திரியலாம். முகட்டில் திரிய முடியாது. மக்லீனின் கவிதையில் இருக்கும் பதற்றம் முகட்டினுடையது, ஒவ்வொரு அடியும் இரண்டு பக்கமும் விழக்கூடியதாக.

கவிதையை அவர் முடிக்கவில்லை. 1944ல் வார்சா எழுச்சியின்போது சோவியத் ராணுவம் நடந்துகொண்ட விதம் அவருடைய அரசியல் நம்பிக்கைகளை உலுக்கிவிட்டது, அதன்பின் பழைய வரிகளோடு அவருக்குச் சமாதானம் இல்லை. 1989ல் வந்த தொகுப்பில் கவிதையைச் சுருக்கித்தான் சேர்த்தார். 1996ல் இறந்தார். 1939ன் வடிவம் கிறிஸ்டஃபர் வைட் பதிப்பித்து 2011ல்தான் வெளியாயிற்று. சுருக்கியது கச்சிதமானது, அசட்டு இடங்கள் குறைவு, தொகைநூலில் சேர்க்க வசதியானது. என்றாலும் நான் படிக்கச் சொல்வது 2011ன் நீண்ட வடிவத்தை. அவர் நம்பிப் போய், போன பிறகு வழி இல்லை என்று கண்ட திட்டுகள் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன.